காற்றுப் பட்டாலும் சாகாதவை

"ஆக்ஸிஜன் பட்டால் அனரோப் செத்துவிடும்." எம்.பி.பி.எஸ். படிப்பில் நுண்ணுயிரியலைத் தாண்டி வந்த எல்லோருக்கும் இந்த ஒரு வரி மனப்பாடம். வைவாவில் சொன்னால் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் அனரோப் பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்த வரி எவ்வளவு அரைகுறை என்று தெரிகிறது. சாவது உண்மைதான். எது சாகிறது, எவ்வளவு நேரத்தில், எதனால் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சர்ஜரி வார்டிலிருந்து வருகிற சீழில் நாங்கள் பிடிக்கிற காற்றில்லா பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை காற்றுப் பட்டதும் உயிரை விடுகிற ரகம் இல்லை. அந்த ரகமாக இருந்திருந்தால் நோயாளியின் உடம்புக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சீழ்க்கட்டி வைத்திருக்கவே முடியாது.

இந்த வேலையில் முதல் கருவி மூக்கு. குடல்வால் வெடித்த வயிறு, சர்க்கரை நோயாளியின் அழுகிய கால், சொத்தைப் பல்லடியில் கட்டிய சீழ், நுரையீரல் சீழ்க்கட்டி, இவற்றிலிருந்து வரும் சாம்பிளின் மூடியைத் திறந்ததுமே அந்த நாற்றம் சொல்லிவிடும். அனரோப்கள் புரதத்தையும் சர்க்கரையையும் நொதிக்க வைத்து வெளியே தள்ளுகிற கொழுப்பு அமிலங்களும் அமீன்களும்தான் அந்த வாடை. (பாதுகாப்பு விதிப்படி சாம்பிளை யாரும் முகர்ந்து பார்க்கக் கூடாது. முகர வேண்டியதே இல்லை, அதுவாகவே வந்து சேரும்.) அடுத்தது கிராம் ஸ்டெயின். மைக்ராஸ்கோப்பின் கீழே மெல்லிய சிவப்புக் குச்சிகள், நுனி கூர்த்த ஊசிகள், ஊதாச் சங்கிலிகள் எல்லாம் ஒரே பார்வைப் பரப்பில் கலந்து கிடந்து, மறுநாள் சாதாரண பிளேட்டில் ஈ.கோலை மட்டும் வந்தாலோ, ஒன்றுமே வராமல் போனாலோ, மிச்சம் இருந்தவை யார் என்று யோசிக்காத ஆள் மைக்ரோபயாலஜிஸ்ட்டே இல்லை.

மிச்சத்தைப் பிடிக்கத்தான் ஜார். மெக்கின்டாஷும் ஃபில்டிஸும் 1916-ல் சொன்ன ஏற்பாடு. நூறாண்டு கடந்தும் அதன் அடிப்படை மாறவில்லை. பிளேட்டுகளைக் கவிழ்த்து அடுக்கி, மூடியை முடுக்கி, பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை இழுத்துவிட்டு, நைட்ரஜன் 80, ஹைட்ரஜன் 10, கார்பன் டை ஆக்ஸைடு 10 சதவீதம் கலந்த வாயுவை உள்ளே விடுவோம். எவ்வளவு இழுத்தாலும் கொஞ்சம் ஆக்ஸிஜன் தங்கும். மூடியின் அடியில் தொங்குகிற பலேடியம் அதை ஹைட்ரஜனோடு சேர்த்துத் தண்ணீராக்கிவிடும். அந்த வினையில் வெப்பம் வெளிப்படும். எங்கள் மூத்த டெக்னீஷியன் அண்ணன் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இதுதான்: "மேடம், மூடி மேல கைய வச்சுப் பாருங்க. சூடு தெரியலன்னா இன்னிக்கு ஜார் புடிக்கல." கொஞ்ச நேரத்தில் ஜாரின் உள்சுவரில் ஈரம் பூத்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகுதான் மெத்திலீன் ப்ளூ துண்டு நீலம் வெளுத்து வெள்ளையாகிறதா என்று பார்ப்பார். அவருடைய வரிசை சரியானதுதான். நிறம் வெளுக்க மணிக்கணக்கில் ஆகும், சூடு நிமிடங்களில் தெரிந்துவிடும்.

பலேடியத்துக்கும் வீம்பு உண்டு. ஈரம் ஏறினாலும், பாக்டீரியாக்களே வெளிவிடுகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டாலும் படுத்துவிடும். ஹாட் ஏர் அவனில் 160 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய்ச்சி எடுத்தால் மறுபடி எழுந்து வேலை செய்யும். இப்போது கிழித்துப் போட்டு மூடிவிடுகிற சாஷே வந்துவிட்டது. வசதிதான். ஆனால் இண்டென்ட் போட்டுக் காத்திருக்கிற அரசு ஆய்வகத்தில் பழைய ஜாரை யாரும் தூக்கிப் போடுவதில்லை.

இடையில் ஒன்று: மெழுகுவர்த்தி ஜாரை அனரோப் ஜார் என்று எழுதுகிற விடைத்தாள்கள் இன்னும் வருகின்றன. மெழுகுவர்த்தி அணைந்த பிறகும் உள்ளே ஆக்ஸிஜன் ஏராளமாக மீதி இருக்கும். அது கார்பன் டை ஆக்ஸைடு விரும்பும் கிருமிகளுக்கான ஏற்பாடு. அதில் கட்டாய அனரோப்கள் வளராது.

சரி, ஜாரை எப்போது திறப்பது? பிஜி மாணவர்களின் கை மறுநாள் காலையிலேயே அரிக்கும். 48 மணி நேரத்துக்கு முன் தொடாதே என்பது பெஞ்சின் சட்டம். வளர்ந்து பெருகிக்கொண்டிருக்கும் இளம் செல்கள்தான் ஆக்ஸிஜனுக்கு முதலில் பலியாகும். வளர்ச்சி நின்று முதிர்ந்த காலனி நன்றாகத் தாங்கும். அதே மாணவர் 48 மணி நேரம் கழித்துத் திறந்தவுடன், வெடிகுண்டைக் கையில் வைத்திருப்பதுபோலப் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். "மெதுவாப் பாரும்மா, ஒண்ணும் ஆகாது" என்று நான் சொன்னால் நம்புவதில்லை.

நம்புவதற்கு ஆதாரம் இருக்கிறது. 1969-ல் லோஷே என்கிற அமெரிக்க ஆய்வாளர், எது எவ்வளவு ஆக்ஸிஜன் தாங்குகிறது என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒரு கூட்டம் அரை சதவீத ஆக்ஸிஜனுக்கு மேல் இருந்தாலே வளரவில்லை. கால்நடைகளின் இரைப்பையில் வாழ்கிற சிலவும், ஈறுகளில் வாழ்கிற திருகுப் பாக்டீரியாக்களும் அந்தக் கூட்டம். இன்னொரு கூட்டம் 2 முதல் 8 சதவீதம் வரை இருந்தாலும் வளர்ந்தது. எங்கள் பெஞ்சின் தினசரி விருந்தாளியான பாக்டீராய்டிஸ் ஃப்ராஜிலிஸ் இரண்டாவது கூட்டம். அந்தக் கூட்டத்தை அறைக் காற்றில் 60 முதல் 90 நிமிடம் வெறுமனே வைத்திருந்தும் சொல்லும்படியான சேதம் இல்லை. நம்மைச் சுற்றி இருக்கிற காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம். அதில் வளர முடியாது, ஆனால் ஒன்றரை மணி நேரம் தாக்குப் பிடிக்க முடியும். வளர்வது வேறு, உயிரோடு இருப்பது வேறு என்பதைப் பிரித்துப் பார்க்காததுதான் அந்த மனப்பாட வரியின் கோளாறு.

இத்தனைக்கும் இந்த விஷயம் தொடங்கியதே காற்றுப் பட்டால் என்ன ஆகிறது என்று ஒருவர் பார்த்ததில்தான். 1861-ல் பாஸ்டர், வெண்ணெய் சிக்கு வாடை அடிக்கிற ப்யூட்டிரிக் நொதிப்பின் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சொட்டின் நடுவில் இருந்தவை துள்ளிக்கொண்டிருந்தன. காற்றைத் தொடுகிற விளிம்பில் இருந்தவை அசைவற்றுக் கிடந்தன. காற்றில்லாமலும் உயிர் வாழலாம் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். விளிம்பில் கிடந்தவை செத்துக் கிடந்தனவா, சும்மா கிடந்தனவா என்கிற கேள்விக்கு விடை கிடைக்க அடுத்த நூற்றாண்டு முடிய வேண்டியிருந்தது.

ஆக்ஸிஜன் எப்படிக் கொல்கிறது? இதற்கு முதலில் வந்த அழகான விடை 1971-ல். அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்ட், கீல், ஃப்ரிடோவிச் மூவரும் ஒரு கோட்பாட்டை வைத்தார்கள். ஆக்ஸிஜன் செல்லுக்குள் போனதும் ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு சூப்பர் ஆக்ஸைடு ஆகிறது. அதை ஒழிக்கிற நொதியான சூப்பர் ஆக்ஸைடு டிஸ்ம்யூட்டேஸ் காற்றில் வாழ்பவற்றிடம் இருக்கிறது, அனரோப்களிடம் இல்லை, அதனால் அவை சாகின்றன. பரீட்சைக்கு எழுதச் சுகமான கோட்பாடு. ஆனால் சில ஆண்டுகளிலேயே பாக்டீராய்டிஸில் அந்த நொதி இருக்கிறது என்று கண்டார்கள். 1977-ல் டாலியும் சகாக்களும் நோயாளிகளிடமிருந்து கிடைத்த அனரோப்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, காற்றை அதிகம் தாங்குகிறவற்றில் இந்த நொதியும் அதிகம் இருந்தது. இருக்கிறதா இல்லையா என்பது போய், எவ்வளவு இருக்கிறது என்று கேள்வி மாறியது.

பெராக்ஸைடை ஒழிக்கிற கேட்டலேஸ் நொதியும் அப்படியே. ஃப்ராஜிலிஸுக்கு அது உண்டு. அதைச் சோதிக்க எங்கள் பெஞ்சில் ஒரு விசித்திரமான முறை இருக்கிறது. பிளேட்டை ஜாரிலிருந்து எடுத்து, வேண்டுமென்றே அரை மணி நேரம் காற்றில் வைத்துவிட்டு, பிறகுதான் 15 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடை ஒரு சொட்டு விடுவோம். நுரைத்தால் கேட்டலேஸ் உண்டு. ஜாரிலிருந்து எடுத்த சூட்டோடு செய்தால் நுரை வராமல் ஏமாற்றக்கூடும். ஆக்ஸிஜனைக் கண்டால் சாகும் என்று பேர் வாங்கிய கிருமியை அரை மணி நேரம் காற்று வாங்க வைத்துச் சோதிக்கிறோம். இதைச் செய்யும்போது மாணவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஃப்ராஜிலிஸ் வெறுமனே தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் இல்லை. ஆக்ஸிஜன் வாடை பட்டதும் ஆக்ஸி-ஆர் என்கிற கட்டுப்பாட்டுப் புரதம் உசுப்பப்பட்டு, கேட்டலேஸ் உட்படப் பெராக்ஸைடை ஒழிக்கிற நொதிகளின் உற்பத்தி கூடுகிறது.

அப்படியானால் காற்றில் வளராமல் ஏன் நின்றுபோகிறது? எனக்குத் திருப்தியான விடை இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இம்லே செய்த வேலையில்தான் கிடைத்தது. பாக்டீராய்டிஸின் இன்னோர் இனத்தை எடுத்துக்கொண்டு, காற்றில் வைத்தால் எந்த எந்திரம் முதலில் நிற்கிறது என்று 2001-ல் காட்டினார்கள். உணவிலிருந்து சக்தி எடுக்கிற வரிசையில் இரண்டு நொதிகள் நின்றன. ஒன்று ஃப்யூமரேஸ், இன்னொன்று பைருவேட்டை உடைப்பது. இரண்டிலும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கொத்து உண்டு. ஃப்யூமரேஸில் அந்தக் கொத்து திறந்தபடி கிடக்கும். சூப்பர் ஆக்ஸைடு வந்து மோதினால் ஓர் இரும்பு அணு கழன்று விழுந்துவிடும், நொதி வேலை நிறுத்தம். பைருவேட் நொதியை ஆக்ஸிஜன் நேரடியாகவே கெடுக்கிறது. திரும்பக் காற்றில்லாத இடத்துக்குக் கொண்டுபோனால் இரண்டும் சரியாகிவிடுகின்றன, வளர்ச்சியும் தொடர்கிறது. கழன்ற நட்டை எடுத்து மறுபடி முடுக்குகிற கதைதான். பாஸ்டரின் சொட்டு விளிம்பில் அசையாமல் கிடந்தவற்றில் எத்தனை உண்மையில் செத்தவையோ!

வேறு சில அனரோப்கள் வேறு வழி வைத்திருக்கின்றன. டிஸ்ம்யூட்டேஸ் சூப்பர் ஆக்ஸைடை ஒழிக்கும்போது பாதியைப் பெராக்ஸைடாகவும் பாதியைத் திரும்ப ஆக்ஸிஜனாகவும் மாற்றுகிறது. ஆக்ஸிஜனே எதிரியாக இருக்கிற உயிருக்கு இது நல்ல பேரமா? கொதிநீர் ஊற்றில் வாழ்கிற பைரோகாக்கஸில் சூப்பர் ஆக்ஸைடு ரிடக்டேஸ் என்கிற நொதியை 1999-ல் கண்டார்கள். அது பெராக்ஸைடு மட்டும் தரும், ஆக்ஸிஜனைத் திருப்பித் தராது. சல்ஃபேட்டைத் தின்கிற அனரோப்களிடமும் இது உண்டு.

இவை எல்லாவற்றையும்விட என்னை அசைத்துப் பார்த்தது 2004-ல் வந்த செய்தி. பாடப்புத்தகம் முழுக்கக் கட்டாய அனரோப் என்று எழுதிவைத்த அதே ஃப்ராஜிலிஸ், மிக மிக நுண்ணிய அளவு ஆக்ஸிஜன், அதாவது நானோமோலார் அளவு, கிடைத்தால் அதைச் சுவாசிக்கவே செய்கிறது என்று பானும் மாலமியும் காட்டினார்கள். சைட்டோகுரோம் பி.டி. ஆக்ஸிடேஸ் என்கிற நொதி அதற்கு உண்டு. அந்த ஆக்ஸிஜனால் அது லாபமும் அடைகிறது. இந்த வகைக்கு நானேரோப் என்று பேர் வைத்தார்கள். குடல் சுவரை ஒட்டி ரத்தக் குழாய்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆக்ஸிஜன் கசிந்துகொண்டே இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், அங்கே குடியிருப்பவை இப்படித் தயாராக இருப்பதில் வியப்பில்லை.

இனி வார்டுக்கு வருவோம். நம் குடலில் இருக்கிற பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பான்மை அனரோப்கள். ஈ.கோலை எல்லாம் சிறுபான்மை. அந்தப் பெரும்பான்மைக்குள் ஃபீக்கலிபாக்டீரியம் என்று ஒன்று, ஆரோக்கியமான குடலில் ஏராளமாக இருக்கும். பிளேட்டில் காற்றுப் பட்டால் ஓரிரு நிமிடங்களில் தீர்ந்துவிடும். அது சீழ்க்கட்டியில் வந்ததாக நான் ரிப்போர்ட் எழுதியதே இல்லை. ஃப்ராஜிலிஸ் குடல் கூட்டத்தில் மிகச் சிறிய பங்குதான். ஆனால் வயிற்றுச் சீழில் அதிகம் பிடிபடுகிற அனரோப் அதுதான். அதன் மேலுறைச் சர்க்கரைக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் குடலில் ஓட்டை விழுந்து மலம் வயிற்றறைக்குள் கொட்டும்போது முதல் சில மணி நேரத்தைத் தாண்டுவதுதான் முதல் தேர்வு. அங்கே ரத்தம் பாய்கிற திசு, ஆக்ஸிஜன் நிறைந்த இடம். அந்தத் தேர்வில் காற்றைத் தாங்குகிறவை தேறுகின்றன. கூட வந்த ஈ.கோலை சுற்றியிருக்கிற ஆக்ஸிஜனைத் தின்று தீர்க்க, திசு செத்து ரத்த ஓட்டம் நிற்க, அதற்குப் பிறகு ராஜ்யம் இவற்றுடையது. சர்க்கரை நோயாளியின் காலிலும் இதே வரிசைதான். ரத்தக் குழாய் அடைத்த காலில் ஆக்ஸிஜன் முதலிலேயே குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

டெட்டனஸின் கணக்கு தனி. அந்த க்ளாஸ்ட்ரிடியம் ஆக்ஸிஜனோடு சண்டை போடுவதில்லை, வித்தாக மாறி உறங்கிவிடுகிறது. மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆழமான குத்துக் காயத்தில், செத்த திசுவுக்கு நடுவே விழித்துக்கொள்ளும். துருப்பிடித்த ஆணியில் துருவுக்குப் பெரிய பங்கில்லை, ஆணி போன ஆழத்துக்குத்தான் பங்கு. இன்னொரு க்ளாஸ்ட்ரிடியம், டெர்ஷியம் என்று பேர், காற்றிலேயே வளர்ந்து எங்களைக் குழப்பும். காற்றில் வளர்ந்தாலும் வித்து மட்டும் காற்றில்லாத இடத்தில்தான் உண்டாக்கும். அதைப் பெசில்லஸ் என்று தள்ளிவிடாமல் இருக்க அந்த ஒரு குறிப்பு போதும்.

மருந்தும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. மெட்ரோனிடசோல் மாத்திரையாக இருக்கும்போது அது பாக்டீரியாவைக் கொல்லாது. அனரோப்பின் உள்ளே போய் அதன் எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட பிறகுதான் டி.என்.ஏ.வை உடைக்கிற பொருளாக மாறுகிறது. பக்கத்தில் ஆக்ஸிஜன் இருந்தால் அந்த எலக்ட்ரானை அது பிடுங்கிக்கொண்டு மருந்தைப் பழையபடி ஆக்கிவிடும். இதனால் ஆய்வகத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜார் லேசாகக் கசிந்தால்கூட, காற்றைத் தாங்குகிற ஃப்ராஜிலிஸ் எப்படியோ வளர்ந்துவிடும், மருந்து வேலை செய்யாது, பிளேட்டில் டிஸ்க்கைச் சுற்றி வளையம் சுருங்கிவிடும். மெட்ரோனிடசோல் ரெசிஸ்டென்ட் என்று பொய்யான ரிப்போர்ட் போகும். ஒரே நாளில் இரண்டு மூன்று ரெசிஸ்டென்ட் வந்தால் நான் கிருமியைச் சந்தேகிப்பதற்கு முன் ஜாரின் ரப்பர் வளையத்தைச் சந்தேகிப்பேன். அதற்காகவே ஜாருக்குள் ஒரு சூடோமோனாஸ் பிளேட்டும் வைப்பது வழக்கம். காற்று வேண்டுமென்கிற அது வளர்ந்திருந்தால் அன்றைய ஜாரின் மொத்த ரிப்போர்ட்டும் செல்லாது.

இத்தனை பக்குவம் பண்ணியும் "உங்க லேப்ல அனரோப்பே வளர மாட்டேங்குதே டாக்டர்" என்று ஒரு சர்ஜன் கேட்டார். அவர் அனுப்பியது பஞ்சு ஸ்வாப், மூன்று மணி நேரம் வார்டு மேஜையில் கிடந்து, கடைசியில் ஃப்ரிட்ஜுக்கும் போய் வந்தது. ஒன்றரை மணி நேரம் காற்றில் தாங்குகிற கிருமியும் காய்ந்துபோன பஞ்சில் தாங்காது. பஞ்சின் இழைகளுக்குள் காற்று, வெளியே உலர்வு, இரண்டும் சேர்ந்து முடித்துவிடும். குளிர்ச்சியில் ஆக்ஸிஜன் திரவத்தில் இன்னும் அதிகமாகக் கரையும் என்பதால் ஃப்ரிட்ஜ் உதவி செய்வதில்லை, கெடுக்கிறது. சீழ் மொத்தமாக இருந்தால் அது தானே தனக்குப் பாதுகாப்பு. உள்ளே இருக்கிற செல்களும் பாக்டீரியாக்களும் கரைந்த ஆக்ஸிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். அனரோப் வளர்க்கிற ராபர்ட்சன் குக்டு மீட் குழாயில் அடியில் கிடக்கிற இறைச்சித் துணுக்குகள் செய்கிற வேலையும் அதுதான்.

ஆகவே சர்ஜரி, பல், மகப்பேறு வார்டுகளில் வேலை பார்க்கிற டாக்டர் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சீழ் இருக்கிற இடத்தில் ஸ்வாப் எடுக்காதீர்கள், சிரிஞ்சில் உறிஞ்சுங்கள். இரண்டு மில்லி கிடைத்தால் போதும். உள்ளே இருக்கிற காற்றுக் குமிழைத் தள்ளிவிட்டு, ஊசியைக் கழற்றி அப்புறப்படுத்தி, சிரிஞ்சின் நுனியை மூடி போட்டு அடையுங்கள். பிளாஸ்டிக் சிரிஞ்சின் வழியாகக்கூட மெல்லக் காற்று ஊடுருவும் என்பதால் அரை மணி நேரத்துக்குள் ஆள் மூலம் அனுப்புங்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், அறை வெப்பத்தில் இருக்கட்டும். தாமதமானாலும் அனுப்புங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படிவத்தில் சாம்பிள் எடுத்த நேரத்தை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். பிளேட்டில் ஒன்றும் வராதபோது அந்த நேரத்தைப் பார்த்துத்தான் ரிப்போர்ட்டில் என்ன எழுதலாம் என்று நாங்கள் முடிவு செய்கிறோம்.